தலைமயிரில் குடியிருப்பவை

தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிகளாகப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, கை கழுவும் முறையைச் சொல்லித் தருவதற்காக நான் இதை எழுதவில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தண்ணீர்க் குழாய்க்கு மேலும் படம் ஒட்டியிருக்கிறார்கள். நான் இப்போது உயிலங்குளத்தில், வயலைப் பார்த்த யன்னல் உள்ள அறையில், ஓய்வூதியக்காரியாக இருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும்போது யன்னலுக்கு வெளியே நெல் அசைவதும் எனக்குள் ஏதோ அசைவதும் ஒன்றாகிவிடும். அந்த அரைத்தூக்கத்தில் சிலர் வந்து நிற்பார்கள். அவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

உங்களைப்போலத் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியாக வேலை செய்த காலம் முழுவதும் நான் பஸ்ஸில்தான் தீவிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேன். தள்ளாடிச் சந்தி கழிந்து பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கடல் எது, வானம் எது என்று பிரிக்க முடியாது. யன்னலோரம் இருக்கும் பெண்களின் தலைமயிர் காற்றில் எழும்பி, முன்னால் இருப்பவரின் தோளிலும் பின்னால் இருப்பவரின் முகத்திலும் படும். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. எனக்கு மட்டும் ஒரு நினைப்பு வரும். ஒவ்வொரு மயிரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குடியிருப்பு இருக்கிறது. வயல்காரியின் தலையில் ஒரு ஊர், மீன்காரியின் தலையில் இன்னொரு ஊர். பஸ் குலுங்கக் குலுங்க ஓரூர்ச் சனம் மற்ற ஊருக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் சாதுவான சனம். நம் தோலில் வேறு கெட்ட கிருமி வந்து குந்தாமல் இடத்தைப் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். இந்த நினைப்போடு பாலம் முடியும். ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருக்கும் கழுதைகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவேன்.

கொரோனா அடங்கிச் சில காலத்துக்குப் பிறகு, எங்கள் பிரசவ வாட்டில் சிசேரியன் செய்த ஒரு தாயின் காயம் சிவந்து சீழ் வைத்தது. ஒரு காயம் அப்படி ஆவது எங்கேயும் நடக்கும். அடுத்த கிழமை இன்னொரு தாய்க்கும் அதே மாதிரி. பிறகு மூன்றாவதாகத் தேவகி.

தேவகி நானாட்டான் பக்கத்துப் பெண். முதல் பிள்ளை. வயல்வேலை செய்து உரமேறிய உடம்பு. அந்த உடம்பையே காய்ச்சல் ஒரு பகலில் உருக்கிவிட்டது. காயம் திறந்துகொண்டது. கிருமி இரத்தத்தில் ஏறி, அவளை அம்புலன்ஸில் வவுனியாப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டி வந்தது. பிள்ளையைப் புருசனின் அக்கா ஒரு துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்புலன்ஸ் கதவு சாத்தும்போது தேவகி என் கையைப் பிடித்து, "மிஸ்ஸி, நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மூன்று தாய்மாரையும் ஒரே ஒப்பரேஷன் தியேட்டரில் வெட்டியிருந்தார்கள். மூன்று காயத்திலும் வளர்ந்தது ஒரே கிருமி. தட்டில் பொன்னிறமாக வளரும் இனம். எந்த மருந்துக்கு அடங்கும், எந்த மருந்துக்கு அடங்காது என்பதும் மூன்றிலும் ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் அது எங்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். தியேட்டரைக் கழுவினோம், கருவிகளைச் சோதித்தோம், தண்ணீரைச் சோதித்தோம். எதிலும் ஒன்றும் இல்லை. மிஞ்சியது மனிதர்கள்.

மனிதர்களில் தேடத் தொடங்கியதும் பார்வை எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தது. தியேட்டர் தாதி புஷ்பம். ஓலைத்தொடுவாய்ப் பெண், கடற்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். கத்தியும் நூலும் கேட்கும் முன்பே கையில் வைக்கிறவள். ஆனால் அவளைப் பற்றிக் கதைக்கும் எவரும் முதலில் சொல்வது அவளுடைய தலைமயிரைத்தான். முழங்கால் தொடும். மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தாலும் தொப்பி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் தியேட்டர் துணிக்குள் நீளமான ஒரு மயிர் கிடந்தது. அதுவே போதுமாக இருந்தது.

தாதிகளுக்கெல்லாம் தலைவியான மேற்றன் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பிள்ளையை முதல்ல வெளியில எடுங்கோ. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயத்துக்கு என்ன சோதனை?"

"எல்லாருக்கும் தெரியுறது அவவின்ர மயிரின்ர நீளம் மட்டும்தான், மேற்றன். கிருமி நீளம் பார்த்து ஏறாது. எல்லாற்ர தலையையும் எடுப்பம். என்ர தலையும் சேர்த்து."

மேற்றனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. முடிவு வரும்வரை புஷ்பம் வாட்டில் நிற்கட்டும் என்றார். அதற்கு நான் ஒப்புக்கொண்டேன்.

தியேட்டருக்குள் கால் வைக்கும் எல்லோரிடமும் மூக்கிலும் தலையிலும் மாதிரி எடுத்தேன். மகப்பேற்று டொக்டரிடமும் போனேன். அவர் யாழ்ப்பாணப் பக்கத்தவர். சுருண்ட அடர்ந்த மயிர். களைத்தால் காதுக்குப் பின்னால் சொறிகிற பழக்கம் இருந்தது. அவருடைய கையால் இந்தக் கரையில் பிறந்த பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்தை நிறைக்கும். என் முன்னால் கதிரையில் இருந்து, குழந்தைபோலத் தலையைக் குனிந்து தந்தார்.

"எடுங்கோ சிஸ்டர். பொடுகைத் தவிர வேற என்ன இருக்கப்போகுது?"

மாதிரிகள் லாப்புக்குப் போயின. தட்டில் கிருமி வளரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி அந்தக் காத்திருப்பு என்பதை நீங்கள் போகப்போக அறிவீர்கள். எல்லோருக்கும் ஒரு குற்றவாளி உடனே தேவை. குற்றவாளியைக் கையில் கொடுத்துவிட்டால் அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். கிருமி மட்டும் தூங்காமல் தன் வேலையைப் பார்க்கும்.

காத்திருந்த நாள்களில் ஒரு காலை, பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது கண்ணயர்ந்துவிட்டேன். தண்ணீருக்கு மேலே தலைமயிர் படர்ந்திருப்பதாகக் கனவு. கறுப்பும் நரையுமாக, பாசிபோல, கரையிலிருந்து கரைவரைக்கும். அதற்குள் பொன்னிறப் பொட்டுகள் மின்னி மின்னி மறைந்தன. பயமாக இருக்கவில்லை, அழகாகத்தான் இருந்தது. விழித்தபோது பஸ் நின்றிருந்தது. நாரைகள் ஒரு காலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. எந்தக் கரைக்குப் போகிறேன் என்பதே சில கணம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் போனால், வாட்டு வாசலில் புஷ்பம் நின்றாள். நான் அவளை அடையாளம் காணாமல் கடந்து போனேன்.

"அக்கா," என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன். கழுத்துக்கு மேலே, கோணலாக, வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிய தலை. முகம் சிறுத்துப்போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல இருந்தாள்.

"ஏன் பிள்ளை? முடிவு இன்னும் வரேல்லையே!"

"நாளைக்கு வருமெண்டாலும், அதுவரைக்கும் என்ர தலையில அதைச் சுமந்துகொண்டு எப்பிடி அக்கா படுக்கிறது? ஒவ்வொரு இழையிலும் அந்தத் தேவகி அழுறமாதிரி இருந்துது. அம்மாதான் வெட்டி விட்டவ. அம்மாவும் அழுதவ."

நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அது உன்னுடையது இல்லை என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. உன்னுடையதுதான் என்று சொல்லவும் இல்லை. "முடிவு வரட்டும். அதுவரைக்கும் நீர் ஒரு பிழையும் விடேல்லை. வந்தாப் பிறகும் நீர் பிழை விட்டதா இருக்காது. கிருமி இருக்கிறது பாவம் இல்லை," என்றேன். அந்த வார்த்தை அவளுக்கு எட்டியதோ தெரியாது. வெறும் கழுத்தைக் கையால் தடவியபடி வாட்டுக்குள் போனாள்.

முடிவு அடுத்த நாள் காலையில் வந்தது. லாப்பில் என் தோழி தட்டுகளை யன்னலோரம் வரிசையாக வைத்திருந்தாள். கடற்கரை வெயில் அவற்றுக்குள் விழுந்து, ஒவ்வொன்றும் ஒரு சின்ன நிலவுபோல ஒளிர்ந்தது. புஷ்பத்தின் தட்டில் எல்லோர் தலையிலும் இருக்கிற வெள்ளைக் கூட்டம்தான். என் மூக்குத் தட்டில் பொன்னிறம் இருந்தது. தட்டைக் கையில் எடுத்தேன்.

"பயப்பிடாத. பொன்னிறம் கனபேரிட்ட இருக்கும். உன்ர வேற குணம். எங்களுக்கு வேண்டியது இது," என்று அவள் ஒரு தட்டை நகர்த்தினாள். தட்டு நிறையப் பொன். காயங்களில் இருந்த அதே கிருமி. அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தேன். மகப்பேற்று டொக்டர்.

பொடுகு என்று அவர் சிரித்தது பொடுகு மட்டும் இல்லை. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோல் வெடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய் அவருக்கு இருந்தது. செதில் ஒவ்வொன்றும் கிருமியின் தோணி. தொப்பிக்கு வெளியே தெரிகிற பிடரியிலிருந்து, காயத்துக்கு மேலே குனியும்போதெல்லாம் அவை மெதுவாக இறங்கியிருக்கின்றன. யார் கண்ணிலும் படாத குறுகிய மயிரிலிருந்து.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி தாழ்வாரத்தில் நடந்தேன். ஆறுதலாக, அறைக்கதவைச் சாத்தி, தேத்தண்ணி ஒன்று கொடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்போது பிரசவ அறைப் பக்கமிருந்து தள்ளுவண்டி வந்தது. அதன் மேலே ஒரு பெண் முழங்காலில் குனிந்து, தலையணையில் முகம் புதைத்திருந்தாள். பின்னால் மருத்துவமாது வண்டியோடு ஒட்டி ஓடிவந்தாள். அவளுடைய கை தாயின் உடம்புக்குள் இருந்தது.

தொப்புள்கொடி பிள்ளைக்கு முன்னால் வழுக்கி வந்துவிட்டது. பிள்ளையின் தலை கொடியை நசுக்காமல் மருத்துவமாது விரலால் தாங்கிப் பிடித்திருந்தாள். கையை எடுத்தால் பிள்ளை இல்லை. அந்தத் தாய் ஜெசிந்தா, ஓலைத்தொடுவாய். அவள் புருசன் கடலிலிருந்து அப்படியே வந்திருந்தான். இடுப்புச் சாரத்தில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. வண்டியின் பின்னால் வந்தவன் தியேட்டர் வாசலில் நின்றுவிட்டான். "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர அவன் வாயில் சொல் இல்லை.

மற்ற மகப்பேற்று டொக்டர் லீவில். கூட இருந்த இளம் டொக்டர் வேலைக்கு வந்து சில கிழமைதான். வவுனியாவுக்கு அனுப்பினால் பாலம் தாண்டும் முன்பே பிள்ளை போய்விடும். எங்கள் டொக்டர் தியேட்டர் வாசலில் சப்பாத்தை மாற்றிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. சொல்லாமல் விடலாம். அவர் கை நடுங்காது, பிள்ளை பிழைக்கும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். அல்லது தியேட்டரை மூடு என்று சட்டம் பேசலாம். அப்போது என் கை சுத்தமாக இருக்கும். இரண்டும் எனக்கு நல்லது. இரண்டில் ஒன்றும் ஜெசிந்தாவுக்கு நல்லதில்லை.

"டொக்டர், ஒரு சொல். அந்தக் கிருமி உங்கட தலையில இருக்கு. மூண்டு தாய்மாருக்கும் அங்கயிருந்துதான் போயிருக்கு."

அவர் குனிந்தபடியே நின்றார். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் கால் வெறும் கால். தாழ்வாரத்தின் முடிவில் வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாச் சத்தமும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டதுபோல இருந்தது.

"தேவகிக்குமா?"

"ஓம், டொக்டர்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "இப்ப நான் உள்ள போகலாமோ, கூடாதோ? நீங்கள் சொல்லுங்கோ சிஸ்டர். நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்."

"போங்கோ. ஆனா உங்கட தலையை நான் கட்டி விடுறன்."

கிருமி நீக்கிய துணி ஒன்றை எடுத்து, நெற்றியிலிருந்து பிடரிவரை, காதையும் கழுத்தையும் மூடி, தோளுக்குள் செருகிக் கட்டினேன். அதன் மேலே தொப்பி, முகமூடி, அங்கி. கண் இரண்டு மட்டும் தெரிந்தன. பிறகு வாட்டுப் பக்கம் திரும்பி, "புஷ்பம்! உம்மட தட்டில ஒண்டும் இல்லை. ஓடி வாரும்!" என்று கத்தினேன்.

அவள் ஓடிவந்தாள். அன்றுதான் அவளுடைய தொப்பி முதன்முதலாகத் தலையோடு படிந்து இருந்தது.

உள்ளே நடந்ததை விவரிக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்த வேலை. நான் கதவின் கண்ணாடி வட்டத்துக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். துணியால் மூடிய தலை குனிந்திருந்தது. எதிரே புஷ்பத்தின் கைகள். பச்சை வெளிச்சத்தில் எல்லாம் மெதுவாக, கடலடியில் நடப்பதுபோல நடந்தன. பிறகு ஒரு அழுகை. வாசலில் நின்ற புருசன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான்.

பிள்ளை தப்பியது. ஆனால் என் பயம் அன்றைக்குத்தான் தொடங்கியது. ஒவ்வொரு காலையும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஜெசிந்தாவின் கட்டிலுக்குப் போவேன். காயத்தின் ஓரம் சிவக்கிறதா, சூடு இருக்கிறதா என்று பார்ப்பேன். "என்ன மிஸ்ஸி, என்னைவிட என்ர வயித்தைத்தான் சுகம் விசாரிக்கிறீங்கள்," என்று அவள் சிரிப்பாள். காயம் சிவக்கவே இல்லை. பேசாமல் காய்ந்து, ஒரு கோடாகப் படிந்தது. அவள் வீட்டுக்குப் போன அன்று நான் லாப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டொக்டர் அந்த ஒப்பரேஷனோடு தியேட்டரிலிருந்து தானாக விலகிக்கொண்டார். வேறு ஊரிலிருந்து ஒருவர் பதிலுக்கு வந்தார். எங்கள் டொக்டர் தலைக்கு மருந்து, மூக்குக்குக் களிம்பு, தோல் வைத்தியம் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்தார். தலைமயிரை மெசினால் ஒட்ட வெட்டச் சொன்னேன். சவர அலகு தோலைக் கீறும், கீறல் கிருமிக்கு வாசல் என்பதால் வேண்டாம் என்றேன். அவர் மொட்டையாக வாட்டுக்குள் வந்ததும் ஊர் வேறு கணக்குப் போட்டது. "ஐயோ டொக்டர், அப்பாவோ?" என்று தாய்மார் துக்கம் விசாரித்தார்கள். "இல்லை, அப்பா சுகமா இருக்கிறார்," என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். கடைசியில் புஷ்பம் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்து, "எனக்கும்தான் டொக்டர், கலியாணம் முறிஞ்சதோ எண்டு கேக்கினம்," என்றாள். அவர் அவளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, "குளிக்கிறது எவ்வளவு சுகம் எண்டு இப்பதான் தெரியுது," என்று சொல்லிப் போய்விட்டாள். மறுபடி எடுத்த தட்டுகள் சுத்தமாக வந்தன. அவர் தியேட்டருக்குத் திரும்பினார். பிடரியை மூடும் தொப்பியை எல்லோருக்கும் கட்டாயமாக்கினோம்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் தேவகி வவுனியாவிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று, டொக்டர் என்னிடம் வந்தார்.

"நான் போய்ச் சொல்லவேணும் சிஸ்டர். நீங்களும் வாறீங்களோ?"

மேற்றன் வேண்டாம் என்றார். தேவையில்லாத வில்லங்கம் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். நாங்கள் போனோம்.

நானாட்டான் வெளி முழுக்க நெல் பால் பிடிக்கும் பருவம். காற்றுக்கு வயல் சாய்ந்து நிமிர்ந்தது. தேவகி வீட்டுக்குள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். தலையில் ஒரு துவாயை இறுக்கிச் சுற்றியிருந்தாள், ஒரு மயிர் வெளியே தெரியாமல். பிள்ளை அவள் கைக்கெட்டாத தூரத்தில் ஏணைத் தொட்டிலுக்குள் கிடந்தது.

டொக்டர் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். "தங்கச்சி, உங்களுக்கு வந்த கிருமி என்ர தலையில இருந்து வந்தது. எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்ச பிறகு உங்களிட்டச் சொல்லாமல் இருக்க ஏலேல்லை."

அவள் ஏணைப் பக்கம் பார்த்தாள். வெளியே எங்கேயோ உழவு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திட்டுவாள், திட்டட்டும் என்று நான் காத்திருந்தேன்.

"நான் திரும்பி வந்து தூக்கினா, பிள்ளை என்னில பால் குடிக்கேல்லை, டொக்டர். என்ர மணம் அவனுக்குத் தெரியேல்லை," என்றாள். டொக்டர் தலையைக் குனிந்தார். அவள் தலையில் சுற்றியிருந்த துவாயைத் தொட்டாள். "நான் என்ர ஊத்தை எண்டு நினைச்சன். வயலுக்குள்ள கடைசி மட்டும் நிண்டதுதான், தலைக்கு முழுகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் காரணம் எண்டு மச்சாள் சொன்னவ. அதான் தலையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறன். பிள்ளையைக் கிட்ட எடுக்கவும் பயம். அப்ப... அது என்னில இல்லையோ?"

அம்புலன்ஸ் கதவில் அவள் கேட்டது பிதற்றல் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"உங்களில ஒரு பிழையும் இல்லை," என்றார் டொக்டர்.

"என்ர தலையில கிருமியே இல்லையோ?"

"இருக்கு. எல்லாற்ர தலையிலயும் இருக்கு. பிள்ளைக்கு அதுதான் வேணும். தாயின்ர தோலிலயும் மயிரிலயும் இருக்கிறதுகள் பிள்ளையில ஏறி அவனைக் காக்கும். என்னில இருந்தது வெட்டின காயத்துக்குள்ள விழுந்ததுதான் பிழையாப் போனது. நீங்கள் அவனைப் பக்கத்தில படுக்க விடுங்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். "உண்மையோ மிஸ்ஸி?"

"ஓம் பிள்ளை. உண்மை," என்றேன்.

தேவகி துவாயின் முடிச்சை அவிழ்த்தாள். பல நாள் அடைபட்டுக் கிடந்த தலைமயிர் மெதுவாகச் சரிந்து தோளில் இறங்கியது. நான் ஏணையிலிருந்து பிள்ளையை எடுத்து அவள் மடியில் விட்டேன். அவன் முகத்தைச் சுழித்தான், அழப்போகிறான் என்று நினைத்தோம். அவன் கை காற்றில் தடவித் தடவி அவளுடைய மயிரில் ஒரு கற்றையைப் பிடித்தது. பிடித்ததை வாய்க்குள் கொண்டுபோனான். தேவகி எங்களை மறந்துவிட்டாள். நாங்கள் சத்தம் போடாமல் வெளியே வந்து வயலோரம் நின்றோம்.